தலை போகிற காரியம்

கழுத்தை இறுக்கி முடித்துவிட்டேன்.
மீன்பிடிக் கப்பலில் சமையல்காரன் நான்.
பேரன்ட்ஸ் கடலில் ஆறு வாரம்
உருளைக்கிழங்கு வேகும் நேரமெல்லாம் பின்னியது:
சாம்பல் உடம்பு, தோளில் நட்சத்திரம்,
மணிக்கட்டைச் சுற்றிக் குமிழ்கள்.
ஒரே கண்ணியில் ஐந்து கண்ணி எடுத்து
ஐந்தையும் மறுபடி ஒன்றாக்கினால்
பட்டாணி போலப் புடைக்கும்.
கைக்குப் பன்னிரண்டு.
இடது கையில் ஒன்று குறையும்,
அன்றைக்கு அலை அப்படி.

கிளாக்ஸ்விக்கில் இறங்கி ரன்வாவிடம் நீட்டினேன்.
மார்யுனின் மகள், பதினொரு வயது.
என்னை இன்னும் ஹானுஸ் என்றுதான் கூப்பிடுகிறாள்,
அதுவும் உப்பு வேண்டும்போது.

போட்டாள். நெற்றியில் நின்றது.
இழுத்தாள். காதில் நின்றது.
கம்பளிக்குள்ளிருந்து குரல் வந்தது:
"இது ஸ்வெட்டரா, பஃபினுக்கு வைத்த கண்ணியா?"
மார்யுன் சிரித்தாள்.
முடியெல்லாம் மின்சாரம் ஏறி நிற்க
மேசையில் வீசிவிட்டுப் போனாள் அவள்.

தலைக்கனம் என்று சொல்லிப் பார்த்தேன், எனக்குள்.
இல்லை.
கடைசி வரிசை என்றாலே எனக்குப் பயம்.
அவிழ்ந்துவிடுமோ என்று
ஒவ்வொரு கண்ணியையும் அடுத்ததன்மேல் தாண்டவிடும்போது
வடம் கட்டுகிறவன் கையால் இழுப்பேன்.
புயலில் அது சரி.

ராத்திரி அடுப்பருகே பிரித்தேன்.
நூற்றுப் பன்னிரண்டு கண்ணிகள்
வாய் பிளந்து நின்றன.
இந்த முறை
ஒவ்வொரு கண்ணிக்கும் முன்னால்
நூலை ஊசிமேல் ஒரு சுற்று,
வெறுமனே, எதையும் பின்னாமல்.
அப்புறம் கண்ணி.
பின்னாத சுற்றையும் பழையதையும் சேர்த்துத் தூக்கி
அதன்மேல் தாண்டவிடு.
ஊசியில் ஒன்றுதான் மிஞ்சும்.
மறுபடி சுற்று.

அந்த ஒன்றுமில்லாத சுற்றுகளே
நூலை எல்லாம் தின்றுவிட்டன.
பாதிக் கழுத்தில் சாம்பல் தீர்ந்தது.
கையில் இருந்தது சிவப்பு, மார்யுனின் பழைய தொப்பியிலிருந்து.
மாற்றியது மாற்றியதாகவே தெரியட்டும் என்று
மூன்று கண்ணிக்கு ஒருமுறை
இரண்டு புதிதாக ஏற்றி, உடனே இறக்கி,
சின்னச் சின்ன முனைகள் வைத்தேன்.

தண்ணீர் குடிக்க வந்தவள் நின்று பார்த்தாள்.
"பல் மாதிரி இருக்கு."
"எடுத்துடவா?"
"கடலோநாய்க்குப் பல் இதைவிடப் பெரிசு."
டம்ளரோடு போய்விட்டாள்.

பிரித்தேன். இரண்டுக்குப் பதில் நான்கு ஏற்றினேன்.
எதிர்வீட்டு மாடியில் விளக்கு அணைந்தது.
சில பற்கள் கோணல். கடலோநாய்க்கும் அப்படித்தான்.

திங்கட்கிழமை, பேருந்துக்கு மூன்று நிமிடம்.
ஹெட்ஃபோனைக் கழற்றாமலே
மேலே மாட்டி இழுத்தாள்.
என் மூச்சு நின்றது.
விளிம்பு விரிந்து, விரிந்து,
பானை மூடி போன்ற இரண்டு காதுகளுக்கும்
வழிவிட்டு,
அவள் முகம் வந்த பிறகு
மெதுவாகக் கழுத்தில் வந்து உட்கார்ந்தது.
கண்ணாடியில் பல்லைக் காட்டினாள்,
தன்னுடையதையும் சேர்த்து.

கதவு அடித்துக்கொண்டது.
தெருவிலிருந்து கத்தினாள்:
"ஹானுஸ்! முட்டையிலே உப்பே இல்லை!"