எழுபத்தொன்றாவது நாற்காலி

ஆளுக்குப் பாதி என்று
காகிதப்பட்டறை டீக்கடையில்
சிகரெட் அட்டையின் உள்பக்கம் எழுதிக்கொண்டோம்,
பத்தொன்பது வருஷம் முன்னால்.
மெட்டு உன்னுடையது, சொல் என்னுடையது.
போஸ்டரில் யார் பெயர் முதலில் என்று மட்டும்
எழுத மறந்துவிட்டோம், ஏகாம்பரம்.

இப்போது ஒப்பந்தம் நாற்பத்தோரு பக்கம்.
ராணிப்பேட்டைத் தோல் ஷெட் நிசார் பாய்
கையெழுத்துப் போடப் பேனாவும் கொடுத்தார்.
நல்ல மனுஷன்.
ஒத்திகையில் அழுத ஒரே முதலாளி.
அழுது முடித்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு
"இந்தப் பாட்டு பதினோரு நிமிஷமாம்மா?" என்றார்.
ஆமாம் என்றேன்.
"பதினோரு நிமிஷத்துல எங்க ஷெட்ல
நூறு ஜோடிக்கு அப்பர் வெட்டிடுவோம்."
பெருமைக்குச் சொல்லவில்லை.
கணக்குக்குச் சொன்னார்.

மேடையில் நாற்பத்திரண்டு பேர்.
சுழலும் மேடை சென்னையிலிருந்து வாடகை;
மோட்டாருக்குத் தனி வாடகை என்றார்கள்,
அதனால் மோட்டார் இல்லை.
மே மாதத்து வேலூரில்
ஏ.சி. இல்லாத கொட்டகைக்குள்
பேய்கூட வந்து உட்காராது.
நூற்றுக்கு எழுபது நாற்காலி நிறைந்தால் கையைக் கடிக்காது.
எழுபத்தொன்றாவதில்தான் நம் பங்கு,
உனக்கும் எனக்கும் சேர்த்து
ஒரே நாற்காலி.

ஆம்பூர்க்காரர் தம் போட்ட அண்டா
ஒன்பது மணிக்குத் திறந்தாக வேண்டும்.
ஒன்பதுக்கு இடைவேளை வேண்டுமென்றால்
ராணி பாலாற்றை நடந்து கடக்கும் பாட்டு
இருக்கக்கூடாது.
தண்ணீரில்லாத ஆற்றைக் கடக்க
அவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதுதானே
அந்தப் பாட்டே.

நீ போனில் சரி என்று சொல்லிவிட்டாய்.
எனக்குத் தெரிந்தது
காட்பாடிப் பாலத்தில், ஷேர் ஆட்டோவில்.
மேனேஜர் சம்பங்கிதான் சொன்னான்:
"வாத்தியார் ஓகே சொல்லிட்டாரேக்கா, உங்ககிட்ட சொல்லலியா?"
கீழே மணல்.
ஒரு லாரி எதையோ ஏற்றிக்கொண்டிருந்தது.

மூன்று நாள் பேசவில்லை.
நீ வாட்ஸப்பில் தத்தகாரம் அனுப்பினாய்,
நான் சொல் அனுப்பினேன்.
ஒரு வணக்கம்கூட இல்லாமல்
வில்லன் பாட்டு ஒன்று முடிந்தது.
நன்றாகவும் இருந்தது,
அதுதான் எரிச்சல்.

நாலாம் நாள் கேட்டேன்.
"நாப்பத்திரண்டு பேருக்கு சனிக்கிழமை சம்பளம்" என்றாய்.
பயந்துட்டேன்னு சொல்லேன் என்றேன்.
"பயமும்தான்" என்றாய்.
அதற்குமேல் சண்டை போட
எனக்கு வார்த்தை வரவில்லை.
வார்த்தைதான் என் தொழில்.

முதல் காட்சி வியாழக்கிழமை,
சத்துவாச்சாரி தகரக் கொட்டகை.
இடைவேளைக்கு முந்தின காட்சி மாற்றத்தில்
மேடைக்கடியில் குனிந்து போனேன்
(கண்மை டப்பா பலகை இடுக்கில் விழுந்துவிட்டது).
இருட்டில் எட்டுப் பேர்,
கொசப்பேட்டை வஜ்ரவேலுவின் ஆட்கள்,
தோளால் மேடையைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள்,
மேலே அரண்மனையும் பதினாறு பெண்களுமாக.

அடி தவறாமலிருக்க
மூச்சுக்குள் பாடிக்கொண்டே தள்ளினார்கள்.
வெட்டின பாட்டு.
உன் மெட்டு, ஒரு இம்மி பிசகவில்லை.
நான் எழுதியது
"கால் சுடுதே மணலே, கரை எங்கே."
அவர்கள் பாடியது
"கால் சுடுதே மாமா, காசெங்கே."

அரண்மனை சரியாகத் தாளத்தில் வந்து நின்றது.
மேலே கைதட்டல்.

ஏறி வந்தபோது நீ பக்கத் திரையை விலக்கித்
தலைகளை எண்ணிக்கொண்டிருந்தாய்.
"எழுபத்தி மூணு" என்றாய் என்னைப் பார்க்காமல்.
கீழே உன் பாட்டு ஓடுது, வேற ஆள் எழுதியது என்றேன்.
கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா நின்றாய்.
"பங்கு கேப்பாங்களா?"
கேக்கட்டும் என்றேன்.

அதற்குள் அண்டா திறந்துவிட்டார்கள்.
திரை விழ இன்னும் இரண்டு வரி இருக்கும்போதே
முன்வரிசை எழுந்தது, முதல் ஆளாக நிசார் பாய்.
ராணி மீதி இரண்டு வரியையும்
நாற்காலி முதுகுகளுக்குப் பாடி முடித்தாள்.

சனிக்கிழமைக்கு இரண்டு நாள் இருந்தது.