அளவில் குறைவு

பத்து கிலோமீட்டர்,
ஐம்பத்தெட்டு நிமிடம் ஐம்பது நொடி
என்கிறது சான்றிதழ்.
மங்கையர்க்கரசி என்ற என் பெயரில்
ஓர் ஒற்றுகூட விடுபடவில்லை.

நேப்பியர் பாலத்தில் தொடங்கி
கலங்கரை விளக்கம், சாந்தோம், பட்டினப்பாக்கம்.
அங்கே ஓர் ஆரஞ்சுக் கூம்பைச் சுற்றித் திரும்ப வேண்டும்.
திரும்பினேன்.
நாற்பத்திரண்டு வயதில் முதல்முறையாக
ஒரு மணி நேரத்துக்குள் வந்து நின்றேன்.
யாரோ கொடுத்த வாழைப்பழத்தைத்
தோலோடு கடித்துவிட்டேன், அவ்வளவு சந்தோஷம்.

நஸ்ரீன் தன் கைக்கடிகாரத்தை
என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.
ஒன்பது புள்ளி ஏழு எட்டு.
"உன்னோடதப் பாரு."
பார்த்தேன். அதுவும் அப்படியே.

கழிவுநீர் லாரி ஒன்று நின்றிருந்ததாம்.
கூம்புக்குக் காவலிருந்த கல்லூரிப் பையன்
லாரிக்கு இந்தப் பக்கமே அதை வைத்துவிட்டானாம்.
லாரி போயிற்று, கூம்பு போகவில்லை.
போக நூற்றுப்பத்து மீட்டர்,
வர நூற்றுப்பத்து.

இனி என் உத்தியோகத்தைச் சொல்லியாக வேண்டும்.
முத்திரை ஆய்வாளர்.
பெட்ரோல் பங்கில் அளவுக் குவளையைக்
கண்மட்டத்துக்குத் தூக்கிப் பார்ப்பவள்.
கிலோவுக்கு இருபத்திரண்டு கிராம் குறைந்தால்
நோட்டீஸ் எழுதுகிற கை இது.
பத்துக்கு இருநூற்றிருபது என்றாலும்
அதே கணக்குதான்.

அன்றிரவு எனக்கே ஒன்று எழுதிப் பார்த்தேன்.
குற்றம்: அளவில் குறைவு.
சரக்கு:
என்னவென்று எழுதுவது?
காலா, மூச்சா, ஞாயிற்றுக்கிழமையா?

அதே வேகத்தில் மிச்சத்தையும் ஓடியிருந்தால்
எழுபத்தொன்பது நொடி.
கூட்டினால் அறுபது நிமிடம் ஒன்பது நொடி.
ஆனால் முடிவுக்கோடு கண்ணில் பட்டால்
எல்லோரும்தான் கொஞ்சம் எட்டிப் போடுவோம்.
அந்தப் பத்து நொடி எனக்குள் இருந்ததா
என்று சாட்சி சொல்ல ஆளில்லை.

செவ்வாய்க்கிழமை ஆபீஸ் முடிந்து
அளவுச் சக்கரத்தோடு பட்டினப்பாக்கம் போனேன்.
கூம்பு நின்ற இடத்தில்
தார்மேல் ஆரஞ்சு உராய்ந்திருந்தது.
அங்கிருந்து வெள்ளைக்கோடு வரை உருட்டினேன்.
நான் ஓடாமல் விட்ட சாலையில்
வெட்டிப்போட்ட இளநீர் மட்டைகள்,
வலை போர்த்திய ஓர் ஆட்டோ,
நிழல் நகர நகரத் தானும் நகர்ந்து படுக்கும் நாய்,
அப்புறம் தேசம்மாவின் மீன் பலகை.

போன மாதம் அவளுக்கு அபராதம் போட்டது நான்தான்.
"கொசுறா ஒரு கை நெத்திலி போட்டனே,
அத்த எழுதுனியா?" என்றாள் அன்று.
கொசுறுக்கு என் படிவத்தில் கட்டமில்லை.
இன்று சக்கரத்தைப் பார்த்துச் சிரித்தாள்.
"இன்னா மேடம், ரோட்டுக்கும் எட கம்மியா?"
"ஆமா. இருநூத்தி இருபது."
"எவன் ஏமாத்துனது?"
"யாருமில்ல."
"அப்ப யாருக்கு ஃபைன்?"

செருப்பையும் சக்கரத்தையும் அவளிடம் விட்டுவிட்டு
போய் வந்தேன், வெறுங்காலோடு, சுடிதாரில்.
நாய் பாதி தூரம் துணைக்கு ஓடிவந்தது.
அறுபத்தாறு நொடி.
கூட்டினால் ஐம்பத்தொன்பது ஐம்பத்தாறு!
ஆனால் இது இரண்டு நாள் ஓய்வெடுத்த கால்.
செல்லாது.

மூச்சு வாங்க அங்கேயே நின்று
அடுத்த பந்தயத்துக்குப் போனில் படிவம் நிரப்பினேன்.
இதுவரை சிறந்த நேரம்?
போன வருடத்து அறுபத்தொன்று முப்பத்துநான்கை அடித்தேன்.
அழித்தேன். மறுபடி அதையே அடித்தேன்.
உடனே தம்பி கூப்பிட்டு "எவ்வளவுக்கா?" என்றபோது
ஐம்பத்தெட்டு ஐம்பது என்றது வாய்.

அரைக் கிலோ சங்கரா கேட்டேன்.
புதுத் தராசு, முத்திரை நான் வைத்தது.
நானூற்றுத் தொண்ணூற்றெட்டு, ஐந்நூற்றிரண்டு,
மறுபடி தொண்ணூற்றெட்டு.
"காத்துக்கு ஆடுது மேடம்."
நிற்கட்டும் என்று
நானும் நின்றேன்.