வரிசை

கசும்பலேசா எல்லையில் மூன்றாம் நாள்.
லாரிகளின் வால் நீண்டு நீண்டு
காட்டுக்குள் மறைகிறது.
எனக்கு முன்னால் நிற்பவன் சிபாங்கு,
கொல்வேசிக்காரன்.
கரி அடுப்பில் சோளக் களி கிண்டிக்கொண்டே கேட்டான்:
"உன் கண்ணாடியில்
'இயேசு ஓட்டுகிறார்' என்று எழுதியிருக்கிறதே,
அப்புறம் சம்பளம் உனக்கெதற்கு?"

நான் இதற்காகவே காத்திருப்பவன்.
என் சாட்சி நாக்கு நுனியில்
எப்போதும் என்ஜின் அணைக்காமல் நிற்கும்.

இண்டோலாவில், எங்கள் சபையில்,
வருஷத்துக்கு ஒருமுறை சொல்கிறேன்.
பாஸ்டர் முசோண்டா மைக்கை நீட்டும்போதே
கீபோர்டுப் பையன் மெல்ல சுருதி பிடித்துவிடுவான்.
எந்த இடத்தில் என் குரல் உடைய வேண்டுமென்று
அவனுக்கும் தெரியும்.

சிருண்டு மலையிறக்கம், சிபாங்கு.
விடியற்காலை நாலு மணி.
பிரேக் பிடிக்கவில்லை.
"இயேசுவே!"
ஒரே ஒரு சொல்.
வண்டி மூன்று முறை உருண்டது.
கேபின் அப்பளமாய் நொறுங்க
நான் புல்லில் வந்து விழுந்தேன்,
உடம்பில் ஒரு கீறல் இல்லை,
சுற்றிலும் ஒரு வெளிச்சம்.

(முதல் வருஷம் ஒரு கீறல் இருந்தது.
மூன்றாம் வருஷம் ஆறிவிட்டது.
வெளிச்சம் வந்தது ஐந்தாம் வருஷத்தில்.)

சிபாங்கு கிண்டுவதை நிறுத்தவில்லை.
"தனியாகவா போனாய்?" என்றான்.

ஒன்பது வருஷத்தில் யாரும் கேட்காதது.
சபையில் கேட்கத் தேவையில்லை, அங்கே எல்லோருக்கும் தெரியும்.
நான்காவது வரிசையில், மின்விசிறிக்குக் கீழே
பானா லுகொண்டே உட்கார்ந்திருப்பாள்.
லுகொண்டேயின் அம்மா என்று அர்த்தம்.
இன்றும் அவளுக்கு அதுதான் பெயர்.
"கர்த்தர் என்னைக் காப்பாற்றினார்" என்று நான் முடிக்க,
எல்லா ஆமென்களும் எழும்பி அடங்கிய பிறகு
அங்கிருந்து ஒன்று வரும்,
தாமதமாக,
மேட்டில் நிற்கும் சக்கரத்துக்குக் கல் வைப்பதுபோல.

சாட்சி என்றால் கண்டதைச் சொல்கிறவன்.
போலீசில் நான் சொன்னது பிரேக்.
சபையிலும் பிரேக்.

பிரேக் நன்றாகத்தான் இருந்தது, சிபாங்கு.
நான் தூங்கிவிட்டேன்.
விடிவதற்குள் எல்லையைத் தொட்டால் கூடுதல் படி.
"அண்ணா, ஓரங்கட்டிக் கொஞ்சம் படு" என்று
கஃபுவேயிலேயே இரண்டு தடவை சொன்னான் என் கிளீனர்.
பத்தொன்பது வயசு.
"இயேசுவே" என்றது நானில்லை.
அவன்.
அந்தக் கூப்பாட்டில்தான் நான் கண் விழித்தேன்.

களி அடிப்பிடித்து வாசம் வந்தது.
சிபாங்கு சட்டியை இறக்கினான்.
கரியாத பக்கத்தை என் தட்டில் வைத்தான்.
"பேரென்ன?"
"லுகொண்டே."
ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டான்,
தப்பாக. நான் திருத்தினேன்.
பிறகு வெகுநேரம் சாப்பிட்டோம்.

கர்த்தர் அன்று அங்கே வந்தாரா?
வந்தார். அதில் எனக்குச் சந்தேகமில்லை.
கூப்பிட்டவன் ஒருவன்,
தூக்கி எடுக்கப்பட்டவன் வேறொருவன்.
ஏன் என்று தெரியவில்லை.
அந்தத் தெரியவில்லையையும் சொல்ல வேண்டும்
இந்த ஞாயிறு, நான்காவது வரிசையைப் பார்த்து.
கீபோர்டுப் பையனிடம் முதலிலேயே
வேண்டாம் தம்பி என்று சொல்லிவிட வேண்டும்.
வாய் வருமா, பார்க்கலாம்.

முன்னால் எங்கோ ஹாரன்.
வரிசை ஒரு லாரி நீளம் நகர்கிறது.
அவனுக்குப் பிறகு வேறு பையனை நான் வைத்துக்கொள்ளவில்லை.
நானே இறங்குவேன், நானே கல்லை எடுப்பேன், நானே வைப்பேன்.
இன்று கேபினில் ஏறி உட்கார்ந்து கண்ணாடியில் பார்க்கிறேன்:
தன் வண்டியை நகர்த்திவிட்டு
சிபாங்கு திரும்பி நடந்து வருகிறான்,
குனிகிறான்,
என் பின்சக்கரத்துக் கல்லைக் கையில் எடுத்துக்கொண்டு
போ என்று தலையசைக்கிறான்.