பதினேழாம் தாள்

புதுவயலில் காற்றுக்கு நிறம் உண்டு.
பள்ளிக்குப் பின்னால் அரிசி ஆலை
உமியை எரிக்கும் நாளில்
மாடிக் கொடியில் காயப் போட்ட சட்டை
மிளகு தூவியதுபோல் திரும்பி வரும்.

ஒன்பதாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு
அதை எண்ணிவிடுவதென்று முடிவு செய்தது.
ஒரு வேட்டியைக் கிழித்தோம்,
முப்பத்திரண்டு துண்டு, ஆளுக்கொன்று.
பொழுது சாயக் கட்டி, விடிய அவிழ்த்து,
சாண் சதுரத்தில் விழுந்த கரும்புள்ளிகளை
பூதக்கண்ணாடி வைத்து எண்ண வேண்டும்.
உதறி, மறுபடி கட்ட வேண்டும்.
இருபத்தோரு நாள்.

இப்போது கணினி அறையில் ஸ்கேனர் முனகுகிறது.
மேலிடம் கேட்டது ஒரே ஒரு பக்கம்:
நோக்கம், முடிவு, வண்ண வரைபடம்.
நான் எல்லாத் தாளையும் ஏற்றிக்கொண்டிருக்கிறேன்.
முடிவை மட்டும் அனுப்பினால்
நாச்சம்மையின் ஒன்பதாம் நாள் போய்விடும்:
‘அம்மா தெரியாமல் துவைத்துவிட்டார். வெள்ளை.’
ஜெனிபாவின் பதினாலாம் நாளும்:
‘காக்கா எச்சம். ஒன்று என்று எழுதவா, விடவா?’
வயிரவன் எல்லா நாளுக்கும் நாற்பது போட்டிருக்கிறான்.
கேட்டால், ‘சராசரி டீச்சர்.’
அதையும் ஏற்றினேன், அவன் சம்மதத்தோடு.
அடியில் அவன் கையெழுத்திலேயே: ‘எண்ணவில்லை.’

திறவுச்சொற்கள் என்று ஒரு கட்டம்.
உமி, சாம்பல், காற்று, புதுவயல்.
எந்த ஊரிலோ, ஆலைக்குப் பின்னால் படிக்கிற
இன்னொரு வகுப்பு தேடினால்
எதைத் தட்டும்?
‘சட்டையில் கறுப்பு’ என்றும் சேர்த்தேன்.

பதினோராம் நாள்தான் தகராறு.
செவ்வாய்க்கிழமை.
வயிரவனைத் தவிர முப்பத்தொரு பேருக்கும்
இரண்டு, ஒன்று, சைபர்.
காற்று அன்றும் திசை மாறவில்லை.
தொகுப்புத் தாளின் ஓரத்தில்
சிவப்பு மையில் எழுதியிருந்தேன்:
‘அளவீட்டுப் பிழை. கவனம் போதாது.’

மூன்றாம் பீரியடில் திவ்யதர்ஷினி வந்து நின்றாள்.
ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே.
‘என் பேரு வேணாம் டீச்சர்.
அப்பா அந்த மில்லுலதான் பாய்லர் பாக்குறாரு.’

பெயரை மறைப்பது எளிது, ஒரு வெள்ளைப் பட்டை போதும்.
ஆனால் அவளுடைய ‘ழ’
வால் நீண்டு அடுத்த வரியில் படுத்திருக்கும்.
பள்ளி வாசல் பலகையில்
தினம் செய்தி எழுதுவது அவள்தான்;
ஊரில் பாதிப் பேருக்கு அந்த வால் தெரியும்.
அதனால் அவள் தாளை மட்டும் தட்டச்சு செய்தேன்.
எண்கள் அவளுடையவை.
எழுத்து யாருடையதும் அல்ல.
தாள் 17. பெயர்: ஒரு கோடு.

மறுநாள் நாலு பேர்
தங்கள் பெயரையும் எடுக்கச் சொன்னார்கள்.
வயிரவன் தன் பெயரைக்
கொட்டை எழுத்தில் போடச் சொன்னான்.
இரண்டையும் செய்தேன்.

ஏற்றி முடிக்கும் நேரம் மின்சாரம் போய், வந்து,
கடைசி மூன்று கோப்பு முதலிலிருந்து.
பக்கத்தின் அடியில் ஓர் எண்: பார்வைகள் 6.
அதில் மூன்று நான்.
ஒன்று, அனேகமாகத் தலைமையாசிரியர்.

வெள்ளிக்கிழமை, வருகைப்பதிவேட்டை மூடும்போது
திவ்யா, என்னைப் பாராமல்,
சுவரில் தொங்கும் தனிம அட்டவணையிடம் சொன்னாள்:
‘அப்பா போன்ல எல்லாத் தாளும் பாத்தாரு.
பதினேழு யாருன்னு கேக்கல.
அந்தச் செவ்வாக்கெழம பாய்லர்ல குழா ஓட்டையாம்,
ராத்திரி பூரா அணைச்சுப் போட்டிருந்தாங்களாம்.
புள்ளைங்க சரியாத்தான் எண்ணிருக்கு,
டீச்சர்தான் தப்புன்னு எழுதிருக்காகன்னாரு.’

சிவப்பு மையை அழிக்கவில்லை.
நாச்சம்மையின் வெள்ளைக்கும் காக்கா எச்சத்துக்கும் பக்கத்தில்
அதுவும் கிடக்கட்டும்.
கீழே மூன்று வரி சேர்த்து மறுபடி ஏற்றினேன்:

‘பதினோராம் நாள் இரவு கொதிகலன் அணைந்திருந்தது.
எண்ணிக்கை சரி.
தகவல்:’

அங்கே ஒரு கோடு போட்டேன்,
பதினேழாம் தாளில் இருக்கிற
அதே நீளத்துக்கு.