கழுத்தளவு

டை வாங்கணும் என்றேன் தொலைபேசியில்.
"அதுக்குள்ள நரையா?" என்றாள்
மதுராந்தகத்து அக்கா.
தலைக்கு இல்லை, தோட்டாவுக்கு.
"தோட்டாவுக்கு எதுக்குடி டை,
கோட்டு போட்டுக் கல்யாணத்துக்கா போகுது?"
அவள் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தேன்.
ஜன்னலுக்கு வெளியே தண்டர் பேயின் முதல் பனி
விழலாமா வேண்டாமா என்று.

துப்பாக்கி ஹெல்வி கோர்டெசால்மியுடையது.
கணவர் போனபின் மூன்று குளிர்காலம்
பூட்டிய அலமாரியில் நின்ற த்ரீ நாட் த்ரீ.
என் உரிமத்தை இரண்டு முறை படித்தாள்,
பிறகுதான் காப்பி ஊற்றினாள்.
"குழல் தேய்ந்தது," என்றாள்.
"அவர் சுட்டதைவிடத் துடைத்ததே அதிகம்."

மெத்தென்ற ஈயத் துண்டொன்றைக்
குழல் வழியே தட்டித் தட்டி வெளியே எடுத்து
மைக்ரோமீட்டரில் வைத்தேன்.
அங்குலத்தின் ஆயிரத்தில் முந்நூற்றுப் பதினான்கு.
புத்தகத்தில் இருப்பதைவிட மூன்று கூடுதல்.
தச்சர் சொல்லும் நூலெல்லாம் இங்கே கயிறு.
மூன்று என்பது ஒரு தலைமுடி.
உவமை இல்லை,
என் முடியைப் பிடுங்கி அளந்தேன்.

பகலில் நான் பல்லுக்கு கேப் செய்பவள்.
ஒரு முடி உயர்ந்தாலும் நாக்கு சொல்லிவிடும்,
திங்கள்கிழமை திரும்பி வந்துவிடும்.
ஆகவே குண்டைப் பதினைந்தில் வார்த்தேன்,
கராஜ் கதவு திறந்து, முகமூடி கட்டி,
குழலை நிறைத்துக்கொண்டு போகட்டும் என்று.

போகவில்லை.
ஐம்பது கஜத்தில், காகிதமெங்கும்
கோழி கிளறியது போல.
ஒன்று பக்கவாட்டில் நுழைந்து
சாவித்துவாரம் ஒன்றைத் திறந்து வைத்திருந்தது.
குழலுக்குள் ஈயக் கீற்று.
வெள்ளீயம் கூட்டினேன். மெழுகை மாற்றினேன்.
என் தோளை, என் மூச்சை,
அன்றைய காற்றைக் குறை சொன்னேன்.
துப்பாக்கியைக்கூட.

சுடாத ஒன்றைப் பிடுங்கி அளக்க
ஏன் இத்தனை நாளாயிற்று, தெரியவில்லை.
நுழையும்போது பதினைந்து.
வெளியே வந்தபோது பதினொன்று.

ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை.
பாதிக் கதையைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.
இளித்துவிட்டு
கழுத்தை நெரித்தது.

கடைக்காரர் டுஃப்ரேன் மேசையில்
மூன்று பெட்டிகளை வைத்தார்.
எல்லாம் செம்புச் சட்டை போட்ட குண்டுக்கானவை.
சட்டை போட்டது இறுக்கத்தைத் தாங்கும்.
வெற்றுடம்பு ஈயம்
யார் பிடித்தாலும் அவர் அளவுக்கு ஆகிவிடும்.
"எல்லாரும் இதைத்தான் வாங்குவார்கள்," என்றார்.
எல்லாருக்கும் ஒரே கடைவாய்ப்பல்லா என்றேன்.
அவர் தாடையைத் தடவினார். அங்கே
என் கைவேலை ஒன்று இருப்பது அவருக்குத் தெரியாது.

இறுக்கும் டை பழையதே இருக்கட்டும்.
எனக்கு வேண்டியது அதற்குப் பிறகு இறங்கும்
விரிப்பான்: பதினான்கில் ஒரு உடம்பு,
மேலே ஒரு படி, அதில் இன்னும் ஒரு முடி அகலம்,
குண்டு சிராய்க்காமல் உட்கார.
கூடுதலாய் விரித்தால்
தோட்டா அறைக்குள் போகாமல் முரண்டும்.
அதையும் அளந்து எழுதிக் கொடுத்தேன்.
பட்டியலில் இல்லை என்றார். கடைய வேண்டும்.
மூன்று வாரம்.

அதற்குள் பனி முடிவெடுத்துவிட்டது.
மான் காலம் பாதி கழிந்தது.

வந்த அன்றிரவே ஒன்றைக் கோத்தேன்,
மருந்தில்லாமல், வெறும் பித்தளையும் ஈயமும்.
பிடுங்கினேன்.
பதினைந்து.
துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன்.
பதினைந்து.

இனிமேல்தான் சுட்டுப் பார்க்க வேண்டும்.
காற்று உண்டு, என் தோள் உண்டு,
வேறு ஏதாவதும் இருக்கும்.

"டை வந்துதா?" என்றாள் அக்கா.
வந்தது.
"எத்தனை முடிக்குப் போதும்?"
ஒரே ஒரு முடிக்கு.