இரண்டாம் காட்சி

ஆறே முக்காலுக்கு மகாலில்
ராஜா இங்கிலீஷ் பேசுவார்.
எட்டு மணிக்குத்தான் தமிழ்.
நடுவில் நாற்காலி துடைப்பது என் வேலை.
பகலில் நாகமலைப் பல்கலைக்கழகம்:
ஆய்வு, நான்காம் வருடம்,
இன்னும் இரண்டாம் இயல்.

குதிரைக் குளம்பொலி வரும் இடத்தில்
தூண் உச்சிப் புறாக்கள் மொத்தமாய் எழும்பும்.
அதுவும் டிக்கெட்டில் சேர்த்தி என்று
கைதட்டுவார்கள்.

நேற்று அந்த இடத்துக்குச் சற்று முன்
கரண்ட் போய்விட்டது.
டீசல் வாங்கப் போன சோணைமுத்து
விளக்குத்தூண் நெரிசலில்.
இருட்டில் பதினோரு பேர், ஒரு கைக்குழந்தை.
யாரோ மேலே காட்டிய செல்போன் வெளிச்சம்
பாதித் தூண்வரைதான் ஏறியது.

குளம்பொலி இல்லை.
புறாக்கள் பறந்தன,
சரியான நேரத்துக்கு.

ஒருவர் மட்டும் வந்து
பாதிக் காசு திருப்பிக் கேட்டார்.