கேட்பர்

மூன்றாம் நாள். துங்கு அப்துல் ரஹ்மான் சாலை ஓட்டலின்
நான்காம் மாடிக் கூட்ட அறை.
குளிர்சாதனத்தை யாராலும் குறைக்க முடியவில்லை.
மேசைமேல் ஆறிப்போன கரிபாப்.
திரையில் அறுபத்தொரு கற்றல் தரங்கள்.
மாலை ஐந்துக்குள் இருபத்து நான்காக வேண்டும்.
படிவம் மூன்றை முடித்து வெளியேறும் பிள்ளை
எவையெல்லாம் தெரியாமல் போகக் கூடாது என்று
ஐந்து பேர் முடிவு செய்கிறோம்.

மலாயில்தான் எழுதுகிறோம்.
மலாய் வினைச்சொல் காலம் காட்டுவதில்லை.
எனக்குள் தமிழில் புரட்டிப் பார்க்கும்போதுதான்
வந்து ஒட்டிக்கொள்கிறது காலம்:
கூறுவர். விளக்குவர். ஒப்பிடுவர். மதிப்பிடுவர்.
நடந்து முடிந்ததைச் சொல்லும் பாடம்
ஒரு வரி விடாமல்
இனி நடக்கப்போவதில் போய் முடிகிறது.

முதலில் போனது ஆறு.
"நகரின் ஆற்றுத்தடத்தை வரைவர்."
புவியியலில் இருக்கிறதே என்றார் சியூ லான்.
இருந்தது. அழித்தோம்.
சரவாக்கிலிருந்து வந்த எம்பான் மட்டும் முனகினார்,
அவர் ஊரில் ஆறுதான் சாலை.
கீழே, கொஞ்சம் தள்ளி,
கிள்ளானும் கோம்பாக்கும் கலந்துகொண்டிருந்தன
எங்களைக் கேட்காமல்.

ஈய லம்பம் பாதி பிழைத்தது.
தண்டவாளம் போட்டவர்கள்
'பொருளாதார வளர்ச்சி'க்குள்
ஒரு கமாவுக்குப் பின்னால் நுழைந்தார்கள்.
அந்தக் கமாவுக்காக முக்கால் மணி நேரம் பேசினேன்.
ரஸ்லான் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.
பார்க்கட்டும். கமா நின்றது.

முப்பத்தேழு:
"குடிமக்களின் உரிமைகளைக் கூறுவர்."
யாரும் வாய் திறக்கவில்லை. பச்சை விழுந்தது.
இதற்கென்ன விவாதம்.

போன ஆண்டு, செந்தூலில் என் வகுப்பு.
இன்னும் அடையாள அட்டை எடுக்காத எட்டுப் பேரை
வேனில் ஏற்றிப் பதிவிலாகாவுக்கு அனுப்பினோம்.
லோஷினி அன்று கண்ணோவு என்று வரவில்லை.
மறுநாள் கண் தெளிவாகத்தான் இருந்தது.
அட்டையில் விழுந்த தங்கள் முகத்தைக் காட்டிப்
பிள்ளைகள் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.
அவளும் சிரித்தாள், அவர்கள் முகங்களைப் பார்த்து.
ராவாங்கில் ஏதோ ஒரு வீட்டில் பிறந்தவள்.
பெற்றவர்கள் திருமணத்தைப் பதியவில்லை,
பிள்ளையையும் பதியவில்லை.

அரையாண்டுத் தேர்வில்
உரிமைகள் ஐந்து எழுதச் சொன்னேன்.
ஏழு எழுதியிருந்தாள், ஒற்றுக்கூடப் பிசகாமல்.
தாளின் தலையில் அடையாள எண்ணுக்குப் பன்னிரண்டு கட்டம்.
பன்னிரண்டும் வெள்ளை.
ஆறாம் நிலை போட்டேன்.
அதற்கு மேல் போட நிலை இல்லை.

மூன்றரைக்குக் கை உயர்த்தினேன்.
ஒன்று சேர்க்கலாமா?
குறைக்கத்தானே வந்தோம் என்றது மேசை.
ஒரே ஒரு வினை, என்றேன். கேட்பர்.
என்ன கேட்பர்?
இந்தப் பட்டியல் யாரைப் பற்றியது என்று.
யார் அதில் இல்லை என்று.
இல்லாதவர் பேசினால், அதையும்.

அங்கேதான் நாக்குத் தடுக்கியது.
தமிழில் ஒரே சொல் போதும்,
வாய்க்கும் காதுக்கும்.
மலாயில் இரண்டு.
எது என்றார் ரஸ்லான், விரல்கள் விசைப்பலகைமேல்.
நல்ல மனிதர்,
உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பினார்.
இரண்டும், என்றேன்.
அளக்க முடியாதே என்றார் சியூ லான், மெதுவாக.
முடியாதுதான்.

சுவரில் ஒட்டிய பெரிய தாளில்
'பிறகு பார்க்க' என்பதன் கீழ்
நீல மையில் ஏறியது என் சொல்.
அதற்கு மேலே ஏற்கெனவே ஒன்று இருந்தது:
சைவ உணவு, இருவருக்கு.

ஐந்து மணி. இருபத்து நான்கு.
வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டோம்.
பயணப்படிப் பாரம் வந்தது.
பெயர். பள்ளி. அடையாள அட்டை எண்.
பிறந்த தேதிக்கு ஆறு இலக்கம்,
பிறந்த மாநிலத்துக்கு இரண்டு,
அதுவரை கை தானாக ஓடியது.

பேனா எழுதவில்லையா என்று
பக்கத்திலிருந்த எம்பான் கேட்டார்.